கிறிஸ்மஸ் காலத்தில் உடம்பும் விசுவாசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் சபை வாசலிலும் பாடகர் குழுப் பயிற்சியிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. முதலிலிருந்து வாசித்தால் நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

1. "கிறிஸ்மஸ் ஒரு நாள்தானே? உடம்பைப் பத்தி ஜனவரில யோசிச்சுக்கலாமே?"

ஒரு நாள் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், நிம்மதியாகச் சாப்பிடலாம். ஆனால் நம் வீடுகளில் அது ஒரு நாளோடு முடிவதில்லை. நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும், கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகும் அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறன்றே கேக் வெட்டத் தொடங்கிவிடுகிறோம். பிறகு ஆபீஸ் கிறிஸ்மஸ், ஞாயிறு பள்ளி விழா, ராத்திரியில் வீடு வீடாகப் பாடிப்போகும் கேரல் ரவுண்ட்ஸ், 25-ந்தேதி விருந்து, 31 இரவு ஆராதனை, புத்தாண்டு என்று வரிசையாக வரும். அது முடிவதற்குள் பக்கத்து வீட்டுப் பொங்கல் வந்துவிடும். கணக்குப் பார்த்தால் ஆறேழு வாரம்.

அமெரிக்காவில் 195 பேரைத் தொடர்ந்து எடை பார்த்து 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விடுமுறைக் காலத்தில் கூடிய எடை சராசரியாக 0.37 கிலோதான். ஆனால் அந்தக் கொஞ்சம் அதற்கடுத்த மாதங்களிலும் இறங்கவில்லை. வருடா வருடம் இப்படிச் சேர்ந்தால் பத்து வருடத்தில் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதனால் நாங்கள் சொல்லும் இலக்கு சின்னது. டிசம்பரில் எடையைக் குறைக்க முயல வேண்டாம், கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். தையல் டேப்பால் இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். நம் நாட்டவருக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. தாண்டினால் கவனம் வேண்டும்.

2. "'சரீரமுயற்சி அற்பபிரயோஜனமுள்ளது'ன்னு வேதமே சொல்லுதே. அப்புறம் எதுக்கு இதெல்லாம்?"

அந்த வசனம் 1 தீமோத்தேயு 4:8. பவுல் அங்கே தேவபக்தியோடு ஒப்பிட்டுப் பேசுகிறார். தேவபக்தி இந்த ஜீவனுக்கும் வரப்போகிற ஜீவனுக்கும் உதவும், உடற்பயிற்சி இந்த ஜீவனுக்கு மட்டுமே உதவும் என்பதுதான் அந்த வரிசை. பயிற்சிக்காக ஜெபத்தை விட்டவரை அந்த வசனம் திருத்தும். இரண்டையுமே செய்யாதவருக்கு அதில் சாக்கு கிடையாது.

அதே நிருபத்தை இன்னும் ஒரு அதிகாரம் வாசியுங்கள். 5:23-இல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறையும் அடிக்கடி வரும் பலவீனத்தையும் நினைத்துக் கைவைத்தியமே சொல்லி அனுப்புகிறார் அதே பவுல். 4-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், சில உணவுகளை விலக்கச் சொல்கிறவர்களைக் கண்டித்து, ஸ்தோத்திரத்தோடு அனுபவிக்கவே தேவன் உணவைப் படைத்தார் என்கிறார். விருந்தும் வேண்டாம், உடம்பும் முக்கியமில்லை என்கிற பேச்சுக்கு இந்த நிருபத்தில் இடமே இல்லை.

3. "நடந்தா போதுமா, ஜிம்முக்கும் போகணுமா?"

ஜிம் வேண்டாம். ஆனால் நடை மட்டும் போதாது. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை. மிதமான வேகம் எது என்று தெரிந்துகொள்ள மீட்டர் எதுவும் தேவையில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. கேரல் பாட்டின் ஒரு சரணத்தை மூச்சு வாங்காமல் முழுசாகப் பாட முடிந்தால் வேகம் பத்தவில்லை.

தசைக்கு நான்கு பயிற்சி போதும். ஒன்று, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக மூன்று எண்ணி உட்காருவது, 10 முறை. இரண்டு, சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, சுவரில் கை ஊன்றித் தண்டால், 10 முறை. மூன்று, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, 15 முறை. நான்கு, தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகப் பிடித்து, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, முழங்கையைப் பின்னால் இழுப்பது, 12 முறை. ஒரு நிமிடம் ஓய்ந்து நான்கையும் இன்னொரு சுற்று செய்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முதலாவதைச் செய்யும்போது முட்டி வலித்தால் இருக்கையில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பெரும்பாலும் வலி வருவது ஆழமாக உட்காருவதாலும், முட்டி உள்பக்கம் சாய்வதாலும்தான்.

ஆராதனையிலேயே எழுந்து நிற்கிறோம், முழங்கால் படியிடுகிறோம், உட்காருகிறோம். முன் பெஞ்சைப் பிடிக்காமல் இதைச் செய்து பாருங்கள். தொடை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று ஒரே ஞாயிறில் தெரிந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விடாது. மழை நாளில் மாடிப்படி, வராந்தா, ஹாலுக்குள் சுற்று நடை எல்லாமே கணக்கில் சேரும். தேய்ந்த ரப்பர் செருப்போடு வேக நடை போட வேண்டாம், குதிகால் வலி அதிலிருந்துதான் தொடங்கும்.

4. "காலைல ஜெபிக்கவே நேரம் இழுபறியா இருக்கு. இதுல நடக்க வேற நேரம் எங்க?"

150 நிமிடத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. நாளுக்கு மூன்று முறை பத்துப் பத்து நிமிடமாக, வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரியாகிவிடும். சாப்பாட்டுக்குப் பிந்தைய பத்து நிமிடம் மற்ற எந்தப் பத்து நிமிடத்தையும்விட மதிப்புள்ளது. சாப்பிட்டதும் ஏறுகிற சர்க்கரையைத் தசை அப்போதே இழுத்துக்கொள்ளும்.

அந்தப் பத்து நிமிடத்தில் ஒன்றை ஜெப நடையாக்கலாம். சங்கீதம் 120 முதல் 134 வரையுள்ள பதினைந்தும் ஆரோகண சங்கீதங்கள். எருசலேமுக்கு ஏறிப்போன யாத்திரிகர்கள் பாடியவை என்று சொல்லப்படுபவை. பெரும்பாலும் சின்னச் சின்னவை. 133-க்கும் 134-க்கும் மும்மூன்று வசனம்தான். நாளுக்கு ஒன்றாகப் பதினைந்து நாள் எடுத்துக்கொண்டு, நடந்தபடியே மனப்பாடம் செய்யலாம். இல்லையென்றால் தெருவில் கடக்கிற ஒவ்வொரு வீட்டுக்காகவும் ஒரு வரி ஜெபியுங்கள். கண்ணைத் திறந்தபடி, இயர்போன் இல்லாமல். அமைதியான தனி ஜெபத்துக்கு இது பதிலாகாது. அதற்கு உண்டான நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

5. "கேரல் ரவுண்ட்ஸ்ல வீட்டுக்கு வீடு கேக், டீ. வேண்டாம்னா மனசு கஷ்டப்படுவாங்களே?"

இந்தக் காலத்தில் எடை கூடுவதற்கு விருந்தைவிட இதுதான் பெரிய காரணம் என்பது எங்கள் கணிப்பு. பால் விட்டு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ சுமார் 80 கலோரி. 50 கிராம் பிளம் கேக் துண்டு சுமார் 180. எட்டு வீட்டில் இரண்டையும் வாங்கிக்கொண்டால் 2,000 தாண்டுகிறது. உடலுழைப்பு குறைந்த ஒரு பெண்ணின் ஒரு நாள் தேவையையே மிஞ்சிவிடும், அதுவும் நடுராத்திரியில்.

வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். நான்கு இட்லி, சாம்பார், ஒரு முட்டை என்று சாப்பிட்டுவிட்டுப் போனால் முதல் வீட்டுத் தட்டிலேயே கை பாயாது. தோள்பையில் ஒரு மூடி போட்ட டப்பா இருக்கட்டும். "காலையில் வீட்டில் எல்லாருமா சாப்பிடுறோம் அக்கா" என்று கேக்கை வாங்கி அதில் வைத்துக்கொள்ளலாம். கொடுத்தவருக்கும் திருப்தி, வாங்கியவருக்கும் ஸ்தோத்திரம். டீக்குப் பதில் வெந்நீர் கேட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள், தொண்டைக்கு என்று எல்லாருக்கும் புரியும்.

இதை ஒவ்வொருவரும் தனித்தனியே சமாளிப்பதைவிட, ரவுண்ட்ஸ் பட்டியல் போடும்போதே வாலிபர் சங்கச் செயலாளர் முடிவு செய்வது மேல். முதல் வீட்டில் சுக்குக் காப்பி, கடைசி வீட்டில் டிபன், நடுவில் தண்ணீர் மட்டும் என்று வீட்டுக்காரர்களிடம் முந்தின ஞாயிறே சொல்லிவிடலாம். பக்கத்துத் தெருக்களுக்கு வேன் ஏறாமல் நடங்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் டார்ச்சோடு வரட்டும். இரண்டு மணிக்கு வந்து படுத்தவர் காலை ஐந்து மணி நடையை விட்டுவிட்டுத் தூங்க வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி தாறுமாறாக ஏறும்.

6. "வீட்டுப் பலகாரம் உடம்புக்கு நல்லதுதானே? கல்கல், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, இதுல எது பரவாயில்ல?"

மூன்றில் முந்திரிக்கொத்து கொஞ்சம் மேல். உள்ளே சிறுபயறு இருப்பதால் வயிறு நிறையும், இரண்டோடு கை நிற்கும். ஆனால் அதிலும் வெல்லப்பாகு உண்டு, எண்ணெயில்தான் பொரிக்கிறோம். கல்கல் மைதாவும் சர்க்கரையும். டப்பாவைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டே எடுத்தால் எண்ணிக்கை தெரியாது. 100 கிராமுக்கு 450 கலோரிக்குக் குறையாது. கிண்ணத்தில் ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டுக்கொண்டு டப்பாவை மூடிவிடுங்கள்.

பொரிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எண்ணெய் காயாமல் போட்டால் பலகாரம் எண்ணெய் குடிக்கும். ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் அடியில் தங்காமல் குமிழியோடு உடனே மேலே வர வேண்டும். புகை வந்தால் சூடு அதிகம். ஒரே ஈட்டில் நிறையப் போட்டால் சூடு சட்டென்று இறங்கும், அப்போதும் குடிக்கும். அச்சு முறுக்குக்கு அச்சையும் எண்ணெயிலேயே காய வைத்து, மாவில் முக்கால் உயரம் மட்டும் தோய்க்க வேண்டும். மேல் விளிம்பை மாவு மூடினால் முறுக்கு கழலாது, எண்ணெயில் கிடந்து ஊறும். கல்கல்லில் பாதியைப் பாகில் புரட்டாமல் விட்டு வையுங்கள், குழந்தைகள் அதையும் தின்பார்கள்.

பிளம் கேக்கில் சர்க்கரையைக் கால் பங்கு குறைத்தால் ஒன்றும் ஆகாது, ஊறிய பழத்திலேயே இனிப்பு இருக்கிறது. பாதியாகக் குறைத்தால் கேக் வறண்டு உதிரும், ஏனென்றால் ஈரத்தைப் பிடித்து வைப்பதே சர்க்கரைதான். ஒரு கிலோ கேக்கை இருபது துண்டாகப் போடுங்கள்.

7. "25-ந்தேதி பிரியாணியை எப்படிச் சாப்பிடணும்?"

சந்தோஷமாக. நெகேமியா 8:10-இல் எஸ்றாவின் காலத்து ஜனங்களுக்கு, பண்டிகை நாளில் கொழுமையானதைப் புசித்து மதுரமானதைக் குடிக்கச் சொல்கிறார்கள். கூடவே, ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பங்கு அனுப்பவும் சொல்கிறார்கள். அந்த இரண்டாம் பாதியை முதலில் செய்யுங்கள். பந்தி போடுவதற்கு முன்பே பக்கத்து வீடுகளுக்கும் தெருவைக் கூட்டுகிறவர்களுக்கும் பாத்திரம் போய்விட்டால், "மீந்துபோகுதே" என்று ராத்திரியும் மறுநாளும் தின்கிற வேலை இருக்காது.

அதிகாலை ஆராதனை முடிந்து வந்ததும் பலகாரத் தட்டிலேயே காலையை ஓட்டாதீர்கள். ஏழரைக்குள் இடியாப்பமோ இட்லியோ சாப்பிட்டால் மதியம் அளவு தெரியும். மதியம் முதலில் வெள்ளரி, வெங்காயத் தயிர்ப்பச்சடி, பிறகு கறித்துண்டு, அதன்பின் சோறு. இரண்டாம் முறை கேட்பதற்கு முன் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச்சேர அவ்வளவு நேரம் ஆகும். படுப்பதற்கு முன் குடும்பமாகத் தெருக்கோடிவரை ஒரு நடை.

8. "எனக்குச் சுகர் இருக்கு. கேக் தொடவே கூடாதா?"

தொடலாம், தனியாக வேண்டாம். வெறும் வயிற்றில் டீயோடு தின்னும் துண்டு சர்க்கரையை வேகமாக ஏற்றும். சாப்பாட்டின் கடைசியில் சின்னத் துண்டாக, அதற்கு ஈடாக ஒரு கரண்டி சோற்றைக் குறைத்துச் சாப்பிடுங்கள். 4-ஆம் பதிலில் சொன்ன நடை உங்களுக்குத்தான் மிகவும் அவசியம். உடன்குடிக் கருப்பட்டியானாலும் அது சர்க்கரைதான், இரத்தத்தில் ஏறத்தான் செய்யும். 'சுகர் ஃப்ரீ' கேக்கிலும் மைதாவும் உலர்பழமும் இருக்கின்றன.

உண்மையான ஆபத்து இன்னொரு பக்கம் இருக்கிறது. நாலரை மணி ஆராதனைக்குப் போகும் அவசரத்தில் சாப்பாட்டுக்கு முந்தைய இன்சுலினைப் போட்டுக்கொண்டு கிளம்பினால், ஆராதனை நீண்டு, கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லி வீடு திரும்புவதற்குள் சர்க்கரை இறங்கிவிடும். அந்த ஊசியைத் தட்டு முன்னால் வந்த பிறகே போடுங்கள். நாள் முழுக்க வேலை செய்யும் ஊசியை மருத்துவர் சொல்லாமல் விடாதீர்கள். நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால், அல்லது மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

9. "ஆண்டவர் சுகம் தருவார்னு விசுவாசிச்சு மாத்திரையை நிறுத்தலாமா?"

கூடாது. 2 இராஜாக்கள் 20-ஐப் பாருங்கள். எசேக்கியாவுக்குச் சுகம் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பிளவையின்மேல் பற்றுப்போட வைக்கிறார். வாக்குத்தத்தமும் மருந்தும் அந்த அறையில் ஒன்றாகவே இருந்தன. ஜெபித்துக்கொண்டே மாத்திரை போடுங்கள். அளவு குறைந்தால் மருத்துவரே குறைப்பார், அதையும் சாட்சியாகச் சொல்லலாம்.

10. "வருஷக் கடைசில மூணு நாள் உபவாசம் இருக்கோம். எடையும் குறையுமே, ரெண்டும் ஆச்சுல்ல?"

முதல் நாட்களில் இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர். சாப்பிடத் தொடங்கியதும் திரும்பிவிடும். எடைக்காக இருப்பது பத்தியம், அதற்கு உபவாசம் என்ற பெயர் வேண்டாம். ஏசாயா 58-இல் கர்த்தர் விரும்பும் உபவாசத்தில் பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதுதான் இருக்கிறது.

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு நீண்ட பட்டினி இருந்தால், சர்க்கரை அதிகம் காட்டாமலேயே இரத்தத்தில் அமிலம் கூடும். இவர்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறுநீரக நோயாளிகளும் போதகரிடம் சொல்லிவிட்டு ஒரு வேளை உணவையோ காபியையோ இனிப்பையோ ஒறுக்கலாம். மற்றவர்களும் அந்த நாட்களில் பயிற்சியை மென்னடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தண்ணீரை விடாதீர்கள். உபவாசத்தை அரிசிக் கஞ்சியோடும் துவையலோடும் முடியுங்கள். புத்தாண்டு ஆராதனை முடிந்த கையோடு பரோட்டா சால்னாவில் இறங்கினால் வயிறு தாங்காது.

11. "கட்டுப்பாடே இல்லாம சாப்பிட்டுட்டேன். பாவம் பண்ணிட்ட மாதிரி இருக்கு. மறுநாள் ரெண்டு மடங்கு ஓடிடவா?"

வேண்டாம். ஒரு தட்டு பிரியாணி சுமார் 600 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் 120 அளவுக்கே கரையும். இரண்டரை மணி நேரம் நடந்து பரிகாரம் தேடுவது முட்டியில்தான் முடியும். காலையில் தராசு ஒன்றிரண்டு கிலோ கூட்டிக் காட்டினால் பயப்படாதீர்கள். உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர் அது, சில நாளில் வடியும். அடுத்த வேளையை வழக்கம்போலச் சாப்பிடுங்கள், வழக்கமான நடையை நடங்கள்.

நீதிமொழிகள் 25:16 தேனைத் தின்னாதே என்று சொல்லவில்லை, மட்டாய்ச் சாப்பிடு என்கிறது. மிஞ்சியது தெரிந்தால் ஆண்டவரிடம் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். மன்னிப்பைப் பயிற்சியால் சம்பாதிக்க முடியாது, சம்பாதிக்க வேண்டியதும் இல்லை. உடம்பைத் தண்டிக்க ஓடுகிறவர் அதிக நாள் ஓடுவதில்லை. சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பழக்கமோ, ஒளித்து வைத்துத் தின்னும் பழக்கமோ இருந்தால் அது சிகிச்சை தேவைப்படும் நோய், வெட்கப்பட ஒன்றுமில்லை.

12. "யோகா செய்யலாமா? எங்க சபைல கூடாதுங்கறாங்க."

உடம்பை வளைப்பதும் நீட்டுவதும் எந்த ஒரு மதத்தின் சொத்தும் இல்லை என்பது எங்கள் கருத்து. ஆனால் மந்திரமோ நமஸ்காரமோ சேர்ந்த வகுப்பில் உங்கள் மனச்சாட்சி உறுத்தினால் போக வேண்டாம். ரோமர் 14 இதைத்தான் சொல்கிறது: சந்தேகத்தோடு செய்கிறது தவறு, செய்கிற சகோதரனைக் குற்றவாளியாகத் தீர்ப்பதும் தவறு. 3-ஆம் பதிலில் உள்ள நான்கோடு, தொடையின் பின்பக்கம், மார்பு, கெண்டைக்கால் மூன்றையும் முப்பது முப்பது விநாடி நீட்டிப் பிடித்தால் விறைப்பு குறையும். அதற்கு எந்தப் பெயரும் வைக்கத் தேவையில்லை.

13. "வீட்ல இந்த வருஷம் ஒரு சாவு. எங்களுக்குப் பண்டிகை இல்லை. அம்மா சரியாச் சாப்பிடறதும் இல்ல, எழுந்து நடக்கறதும் இல்ல. என்ன சொல்லித் தேத்துறது?"

எதுவும் சொல்ல வேண்டாம். 1 இராஜாக்கள் 19-இல், சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்துவிட்ட எலியாவுக்குப் பிரசங்கம் நடக்கவில்லை. தூதன் தட்டியெழுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். எலியா சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார், அதற்கும் தடையில்லை. இரண்டாம் முறை சாப்பிட்ட பிறகுதான் பயணம்.

அதே வரிசையில் போங்கள். முதலில் சூடான, சுலபமாக இறங்குகிற சாப்பாடு: இடியாப்பமும் சொதியும், பருப்புக் கஞ்சி, முட்டை. கேக் கொண்டுபோய் வைக்காதீர்கள். பிறகு தூக்கம். இரண்டும் கொஞ்சம் சீரானதும், சாயங்காலம் நான்கு மணிக்கு ஒருவர் வந்து "வாங்கம்மா, முக்குவரைக்கும் போயிட்டு வருவோம்" என்று கூட்டிப்போகட்டும், ஐந்தே நிமிடம். வெயில் படும் நேரம் என்பதால் ராத்திரித் தூக்கத்துக்கும் அது உதவும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கிழமைக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டால் யாருக்கும் சுமையில்லை. நீங்கள் ஒரு நோட்டில் அம்மா சாப்பிட்டதையும் தூங்கிய மணியையும் குறித்து வாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் உணவும் தூக்கமும் கெட்டே இருந்தால், அல்லது வாழ வேண்டாம் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும், அந்த நோட்டோடு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எந்த நேரமும் பேச டெலி-மானஸ் இலவச எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.